5 வாட்டும் 100 வாட்டும்: ஒரு மாடி போர்ஷனில் இரண்டு டியூப் ஆம்ப்

பெரம்பூரில் எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கும் தனிச் சுவர் கிடையாது. எங்கள் பக்கச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் பக்கச் சுவர். நாங்கள் இருப்பது மாடி போர்ஷன். கீழே ஹவுஸ் ஓனர், பக்கத்தில் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஓர் அண்ணனின் குடும்பம். இந்த வீட்டுக்குத்தான் 2014-ல் என் எலக்ட்ரிக் கிட்டாருக்காக ஒரு 100 வாட் மார்ஷல் ஹெட்டையும் (கண்ணாடி டியூப், அதாவது வால்வு, போட்ட ஆம்ப்ளிஃபயர் பெட்டி; ஸ்பீக்கர் இதில் இருக்காது), நாலு 12 அங்குல ஸ்பீக்கர் போட்ட கேபினெட்டையும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

விற்றவர் ஓர் ஆங்கிலோ இந்திய அங்கிள். ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகள் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸுக்கெல்லாம் வாசித்த கை. ஆம்ப் ஜேசிஎம்800, மாடல் 2203. உள்ளே நாலு இஎல்34 டியூப். அதன் விலைக்கு நான் இரண்டு வருடம் சேர்த்த பணமும் அம்மாவின் சீட்டுப் பணமும் போயின. கையில் கொடுக்கும்போது அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: “பாரு மேன், இத நீ மூணுக்கு மேல வெக்கவே மாட்ட. ஆனா மூணுல அது எவ்ளோ க்ளீனா பேசுதுனு கேளு. அதுக்குத்தான் நூறு வாட்டு.”

அன்றைக்கு அந்தப் பேச்சு எனக்குப் புரியவில்லை. 100 வாட் என்றால் சத்தம், சத்தம் என்றால் டிஸ்டார்ஷன், அதாவது கரகரவென்று உடையும் ஒலி என்றுதான் நினைத்திருந்தேன். அவர் சொன்ன ‘க்ளீன்’ அப்படி உடையாத தெளிவான ஒலி.

கேபினெட் மட்டும் சுமார் 36 கிலோ. எங்கள் மாடிப்படி இரண்டரை அடி அகலம், நடுவில் ஒரு திருப்பம். தெருப் பையன்கள் மூன்று பேரும் நானும் படிக்குப் படி இறக்கி வைத்து ஏற்றினோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆன் செய்தேன். மாஸ்டர் வால்யூமை ஒன்றில் வைத்தால் கொசு ரீங்காரம் மாதிரி மெலிந்த சத்தம். ஒன்றரைக்குத் திருப்பினேன். பக்கத்து வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுவென்று ஆடுவது சுவர் தாண்டிக் கேட்டது. பத்து நிமிடத்தில் அந்த வீட்டு அக்கா வாசலில் நின்றார். கோபமே இல்லை, கெஞ்சல்தான். “தம்பி, அவரு நைட் ஷிஃப்ட் போவணும்ப்பா. மத்தியானத்துல இருந்து இப்பதான் கண்ணசந்தாரு.” உடனே அணைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு அதை முழுசாகத் திறந்ததே இல்லை.

குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்லும் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. எலக்ட்ரிக் கிட்டார் வாங்கும் யாரும் இந்த இரண்டு எண்ணையும் முதலில் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் டியூப் ஆம்ப் உலகத்தில் எவ்வளவு சின்ன ஆம்பைத் திறந்தாலும் சத்தம் இந்த எண்ணுக்குள் அடங்காது. இதை நான் அடுத்த ஆம்பில்தான் தெரிந்துகொண்டேன்.

மறு வருடம் வீட்டில் வாசிக்கவென்று ஒரு 5 வாட் ஆம்ப் பழையதாகக் கிடைத்தது. ஒரு இசிசி83 டியூப், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டியூபாக ஒரு இஎல்84, ஒரே ஒரு வால்யூம் குமிழ், 8 அங்குல ஸ்பீக்கர். ஒரு கையால் தூக்கிவிடலாம். 100 வாட்டில் இருபதில் ஒரு பங்குதானே, சத்தமும் இருபதில் ஒரு பங்காக இருக்கும் என்று நம்பி வாங்கினேன். குமிழைப் பாதிக்குத் திருப்பியதுமே தெருவில் போனவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

நம் காது வாட்டை அப்படியே கணக்குப் பண்ணாது. பவரை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல், பத்து மடங்காக்கினால் 10 டெசிபல். அந்த 10 டெசிபல் ஏறும்போதுதான் ‘சத்தம் ரெண்டு மடங்கு ஆயிடுச்சு’ என்று காது சொல்லும். அப்படியானால் 5 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் இடையே 13 டெசிபல்தான், காதுக்கு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபல். ‘50 வாட் போதும், வீட்டுக்கு அடக்கமா இருக்கும்’ என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். அடக்கம் எல்லாம் எடையில்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் வரும் என்பதை ஸ்பீக்கர் கம்பெனியே எழுதியிருக்கும். செலஸ்டியன் ஜி12டி-75-க்கு அது 97, வின்டேஜ் 30-க்கு 100. இந்த 3 டெசிபல் வித்தியாசம் ஆம்பின் பவரை இரண்டு மடங்காக்குவதற்குச் சமம். ஆக, 5 வாட் ஆம்பைக்கூட 97 டெசிபல் ஸ்பீக்கரில் மாட்டி முழுசாகத் திறந்தால் ஒரு மீட்டரில் 104 டெசிபல். 1 வாட் ஆம்ப் வாங்கினாலும் குறைவது 7 டெசிபல்தான். பத்துக்குப் பத்து அறையில், பொதுச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு அதைத் திறக்க முடியாது.

சின்ன ஆம்பின் சத்தம் எனக்குப் பிடிக்கவும் இல்லை. அடி இல்லை, மேலே கிறீச்சென்று ஒரு பூச்சு. விற்றுவிடலாம் என்று இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் சர்ச் ஹால் காலியாகக் கிடைத்தது. குட்டி யானை வைத்து இரண்டு ஆம்பையும் கொண்டுபோனேன். டிரம்ஸ் வாசிக்கும் நண்பனும் வந்தான். சின்ன ஆம்பின் பின்பக்கம் 4, 8, 16 ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) என்று மூன்று ஜாக் இருந்தது. அதன் சொந்த ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, 16 ஓம் ஜாக்கிலிருந்து பெரிய கேபினெட்டுக்குக் கம்பி கொடுத்தேன்.

ஒரே ஒரு இ கார்டுதான் (பல கம்பிகளைச் சேர்த்து ஒரே அடி) அடித்தேன். நண்பன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து கேபினெட்டைத் தொட்டுப் பார்த்தான். “எதுடா ஓடுது? பெருசா சின்னதா?” என்றான். ஓடியது 5 வாட்தான். எந்தப் பெட்டியைக் கிறீச்சென்று வெறுத்தேனோ, அதே பெட்டி மூடிய கேபினெட்டில் நாலு ஸ்பீக்கரோடு நெஞ்சில் மோதுகிற மாதிரி பேசியது. நான் இத்தனை நாள் குறை சொன்னது ஆம்பை அல்ல, அந்த 8 அங்குல ஸ்பீக்கரையும் பின்பக்கம் திறந்து கிடந்த சின்ன மரப்பெட்டியையும். சின்ன ஆம்பையும் பெரிய ஹெட்டையும் ஒப்பிடுகிற எல்லோரும் முதலில் இரண்டையும் ஒரே கேபினெட்டில் மாட்டிக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பிடுவது ஸ்பீக்கர்களைத்தான்.

அன்று மூன்று மணி நேரம் மாற்றி மாற்றி வாசித்தோம். டிஸ்டார்ஷனில், ஒற்றை நோட்டு இழுத்து வாசிக்கும் லீடில், சின்னதுதான் எனக்குப் பிடித்தது. குமிழ் எட்டுக்கு மேல் போனதும் பவர் டியூபே பிழியத் தொடங்கும். விரலை அழுத்தினால் உறுமும், கிட்டாரில் வால்யூமைக் கொஞ்சம் இறக்கினால் தெளியும். ஒரே பவர் டியூப் என்பதால் இரண்டாவது ஹார்மானிக் (அடித்த ஸ்வரத்தின் இரண்டு மடங்கு அதிர்வெண்ணில் கூடவே வரும் ஒலி) ரத்தாகாமல் அப்படியே வெளியே வருகிறது. அந்தக் கனிவு அங்கிருந்துதான். டியூப்கள் ஜோடியாக வேலை செய்யும் பெரிய ஆம்பில் அது பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

பிறகு நண்பன் டிரம்ஸில் உட்கார்ந்தான். கதை மாறியது.

நாங்கள் வாசிப்பது பாதி சர்ச் பாட்டு, பாதி லைட் மியூசிக், நடுவில் கானா. இதில் எதற்குமே நாள் முழுக்க டிஸ்டார்ஷன் கேட்பதில்லை. ரிதம் கிட்டார் க்ளீனாக, டிரம்ஸுக்கு மேலே, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். 5 வாட்டை டிரம்ஸுக்குச் சமமாக ஏற்றியதும் க்ளீன் காணாமல் போனது. கார்டு அடித்தால் ஒரு கூழ். 100 வாட்டை மூன்றில் வைத்தேன். அங்கிள் சொன்ன அதே மூன்று. ஸ்நேர் அடி விழும் இடத்தில்கூட ஆறு கம்பியும் ஆறாகக் கேட்டன. டிஸ்டார்ஷனில் சத்தம் ஏற்கெனவே நசுக்கப்பட்டுவிடுகிறது, அதற்குக் கொஞ்சம் பவர் போதும். க்ளீனில் கம்பியைத் தட்டும் அந்த முதல் நொடியின் துள்ளல் சராசரியைவிடப் பல மடங்கு எகிறும். அது நசுங்காமல் போக மேலே இடம் வேண்டும். பெரிய ஹெட்டின் பவர் அந்த இடத்துக்காகத்தான்.

தடித்த இ கம்பியை உள்ளங்கையால் அழுத்தி வேகமாக அடித்துப் பார்த்தபோதும் அப்படியே. பெரியதில் சுத்தியல் அடி, சின்னதில் நனைந்த மெத்தையைத் தட்டுகிற மாதிரி. கீழ் ஸ்வரத்துக்கு அதிக சக்தி வேண்டும். டியூபின் சக்தியை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி மாற்றித் தருவது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், சின்ன ஆம்பில் அது கைப்பிடி அளவுதான். ஒற்றை டியூப் ஆம்பில் டிசி கரண்டும் அதே சுருள் வழியாக ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே இருக்கும் இரும்பு காந்தத்தால் சீக்கிரம் நிரம்பிப் பாஸ் குழைந்துவிடும். வாட் எண்ணைவிட அந்த இரும்பின் எடை பல விஷயங்களைச் சொல்லும். இப்போது எந்த ஆம்பைப் பார்த்தாலும் முதலில் டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு பெரியது என்று பின்பக்கம் எட்டிப் பார்க்கிறேன்.

இவ்வளவு பெரிய ஹெட் எதற்குப் பிறந்தது என்று தெரிந்தால் நம் தேவையும் தெளியும். 1960-களின் நடுவில், தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் போன்றவர்கள் இன்னும் சத்தம் வேண்டும் என்று கேட்டதால் மார்ஷல் 100 வாட்டுக்குப் போனது. அப்போது மேடையில் இருந்த ஒலிபெருக்கி வசதி பாடகருக்கு மட்டும்தான், கிட்டாருக்கு மைக் வைக்கும் வழக்கம் இல்லை. கூட்டத்தின் கடைசி வரிசைக்கு ஆம்பே போய்ச் சேர வேண்டியிருந்தது. இன்று காசிமேட்டுத் தெரு மேடையில்கூட மைக் செட்காரர் மிக்ஸரோடு வருகிறார். சின்ன ஆம்பின் முன்னால் ஒரு எஸ்எம்57 மைக்கை வைத்தால் கடற்கரை வரை கேட்கும். மேடையில் நமக்குக் கேட்க மானிட்டர் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

காசிமேடு என்றதும் எனக்கு நினைவு வருவது அந்த ரிசப்ஷன். எழுதவே மனது கஷ்டப்படுகிறது, ஆனால் இதைப் படிக்கும் ஒருவரின் ஆம்பாவது பிழைக்கட்டும். என் ஸ்பீக்கர் கம்பியை வீட்டில் மறந்துவிட்டேன். அவசரத்தில் ஒரு கிட்டார் கேபிளை ஹெட்டுக்கும் கேபினெட்டுக்கும் நடுவே செருகினேன். கிட்டார் கேபிள், ஸ்பீக்கர் கம்பி இரண்டின் முனையும் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே வேறு. கிட்டார் கேபிளில் தலைமுடி போல மெல்லிய கம்பி, சுற்றிலும் வலை. ஸ்பீக்கர் கம்பியில் தடித்த இரண்டு கம்பி. மூன்றாவது பாட்டில் சத்தம் விட்டு விட்டு வந்தது. நான் குமிழை ஏற்றினேன். டப்பென்று ஒரு நீல வெளிச்சம் டியூப் அடியில், அப்புறம் வார்னிஷ் கருகிய வாசனை. மெல்லிய கம்பி உள்ளே விட்டுப்போயிருந்தது.

டியூப் ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட விடவே கூடாது. சக்தி போக இடம் இல்லாவிட்டால் அது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரிலேயே ஆயிரக்கணக்கான வோல்ட்டாகத் திரும்பி எகிறும், சுருளின் இன்சுலேஷனைத் துளைக்கும். டிரான்சிஸ்டர் ஆம்பில் பழகியவர்களுக்கு இது தெரியாது, எனக்கும் தெரியவில்லை.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ரேடியோ மெக்கானிக் ஐயாவிடம் கொண்டுபோனேன். வால்வு ரேடியோ காலத்திலிருந்து அதே மேஜை. அவர் அந்த டிரான்ஸ்ஃபார்மரைப் பிரிக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தகட்டை ஒவ்வொன்றாக உருவினார். சுருளைப் பிரித்தால் ஒரு அடுக்கு மெல்லிய கம்பி, மேலே காகிதம், அடுத்த அடுக்கு தடித்த கம்பி, மறுபடி காகிதம், மறுபடி மெல்லியது. ஒவ்வொரு அடுக்கின் சுற்றையும் எண்ணி நோட்டில் எழுதினார். “இந்த அடுக்கு மாறக் கூடாது தம்பி. மொத்தமா உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு சுத்திக் குடுத்தா வேலை செய்யும். ஆனா மேல் ஸ்வரம் செத்துடும்.” கைப்பிடி சுற்றும் இயந்திரத்தில் நாலு நாள் சுற்றினார். திரும்ப மாட்டி முதல் கார்டு அடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பழைய சத்தம் அப்படியே இருந்தது.

அவர் மேஜையில்தான் பிஇஎல் முத்திரை போட்ட இஎல்84-களைப் பார்த்தேன். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் வால்வு தயாரித்தது. பழைய ரேடியோக்களில் ஒலி கொடுத்த அதே டியூப்தான் என் 5 வாட் பெட்டியிலும். அவர் கொடுத்த ஒன்று இன்றுவரை ஓடுகிறது.

அவரிடம் கற்ற இன்னும் சில. தெரு நிகழ்ச்சியில் ஜெனரேட்டர் கரண்டில் மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். ஒருமுறை எனக்கு 256 வோல்ட் காட்டியது. டியூபின் ஹீட்டருக்கு (உள்ளே சூடாகும் இழைக்கு) 6.3 வோல்ட் என்பது 230 வோல்ட் கணக்கில். மெயின்ஸ் ஏறினால் அதுவும் ஏறும், 10 சதவீதம் தாண்டினால் டியூப் ஆயுள் தேயும். ஒரு நல்ல ஸ்டெபிலைசர் ஒரு செட் இஎல்34 விலையைவிட மலிவு. ராயபுரம், காசிமேடு பக்கம் உப்புக்காற்றில் ஜாக்கும் டியூப் சாக்கெட்டும் பச்சை பூக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிச்சி தெருவில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை ஜாக்கில் அடித்து, பிளக்கை நாலு முறை செருகி எடுத்தால் போதும். ஆம்பைத் திறந்து உள்ளே கைவைக்கும் வேலை மட்டும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் உயிரைக் குடிக்கும் வோல்ட் நிற்கும்.

100 வாட் ஹெட்டில் நாலு பவர் டியூபில் இரண்டைக் கழற்றினால் 50 வாட் ஆகும் என்று பலர் சொல்வார்கள். ஆகும். ஆனால் பக்கத்துக்கு ஒன்றாக, வெளி ஜோடியையோ உள் ஜோடியையோ எடுக்க வேண்டும். கேபினெட் 16 ஓம் என்றால் பின்னால் இருக்கும் ஓம் குமிழை 8-க்கு மாற்ற வேண்டும். இத்தனையும் செய்து கிடைப்பது 3 டெசிபல். டியூப் செலவு மிச்சம் என்பதற்காகச் செய்யலாம், சத்தம் குறையும் என்பதற்காக அல்ல.

இரவில் வாசிக்க ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அட்டெனுவேட்டர் வைத்துப் பார்த்தேன். பவரைத் தான் வாங்கி வெப்பமாக்கிவிட்டு மிச்சத்தை ஸ்பீக்கருக்குத் தரும் பெட்டி அது. கொஞ்சம் இறக்கும்வரை நன்றாக இருக்கிறது. பேச்சுச் சத்தம் அளவுக்கு இறக்கினால் ருசி போய்விடும். அது அந்தப் பெட்டியின் குற்றம் மட்டும் அல்ல. மெல்லிய சத்தத்தில் நம் காதுக்கே பாஸும் உச்ச ஸ்வரமும் குறைவாகக் கேட்கும், ஸ்பீக்கர் காகிதமும் அசையாது. எட்டு மணிக்கு மேல் நான் லோட் பாக்ஸும் (ஸ்பீக்கருக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் பெட்டி) ஹெட்ஃபோனும்தான்.

இப்போது என் ஏற்பாடு இப்படி இருக்கிறது. பெரிய ஹெட்டும் கேபினெட்டும் சர்ச் ஹாலிலேயே நிற்கின்றன. கிறிஸ்துமஸ் கேரல் மாதம் முழுக்க அதில் க்ளீன்தான். வெளி நிகழ்ச்சிக்கு, இரண்டு பவர் டியூப் ஜோடியாக ஓடும் 20 வாட் ஹெட் ஒன்று, கூடவே 100 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்று போட்ட மூடிய பெட்டி. இரண்டும் ஆட்டோவில் என் காலடியில் அடங்கும், டிரம்ஸுக்கு மேலே க்ளீனும் ஓரளவு தாங்கும். சர்ச் பையன்கள் முதல் டியூப் ஆம்புக்கு யோசனை கேட்டால் இந்த அளவைத்தான் கைகாட்டுகிறேன். வாங்கப் போகும்போது டிரம்ஸ் வாசிப்பவனையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறேன். கடையில் தனியாக உட்கார்ந்து லீடு வாசித்தால் எந்த ஆம்பும் மயக்கும். டிரம்ஸோடு க்ளீன் கார்டு அடிக்கும்போது எந்த எண்ணில் கரகரக்கிறது என்பதைக் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும்.

5 வாட் வீட்டில்தான் இருக்கிறது, 12 அங்குலப் பெட்டியோடு. பக்கத்து வீட்டு அண்ணன் ஷிஃப்ட் அட்டவணையை அக்கா மாதம் பிறந்ததும் எழுதித் தருகிறார். அவர் காலை ஷிஃப்டில் இருக்கும் வாரங்களில் பத்திலிருந்து பதினொன்று வரை, ஜன்னலைச் சாத்தி, குமிழை எட்டில் வைக்கிறேன். போன வாரம் முடித்துவிட்டுக் கதவைத் திறந்தால் அக்கா படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “அந்த மாதா பாட்டு வாசிச்சியே, அத இன்னொரு தபா வாசிப்பா” என்றார்.